அசையும் சுரமும் நடுங்கும் பொறியும்

எமது கல்லூரியின் யூபிலி விழாவையொட்டி மலரொன்று வெளிவருகின்றதென்றும், அதற்கு ஒரு கட்டுரை வரைந்துதவ வேண்டுமென்றும் மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, கல்லூரியின் பழைய நாட்களைப் பற்றி எழுதுவதா, வரும் நாட்களைப் பற்றி எழுதுவதா என்று யாம் சிறிது மயங்கினோம். பழைய நாட்களை எம்மினும் நன்கு எழுத வல்ல மூத்த அன்பர் பலர் உளர். அவர்களுக்குரிய பணியில் யாம் குறுக்கிடுதல் முறையன்று. ஊவா மலைத் தோட்டங்களில் தமிழ் கற்பித்துக் காலங் கழிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எமக்கு, நாள்தோறும் கண்ணிலும் காதிலும் படுகின்ற ஒரு செய்தியையே ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம். செய்தி சிறியதுதான். எனினும் அதனால் விளையக்கூடியது சிறியதன்று.

யூபிலி நினைவாக அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்குக் கீபோட் வாங்கி அளிக்கலாமென்னும் கருத்து, பழைய மாணவர் சிலரிடையே நிலவுகின்றது. நல்ல உள்ளத்திற் பிறந்த கருத்து அது. தாம் பெற்ற கல்வியின் பயனைத் தம் பின்னோர்க்கும் பகிர்ந்தளிக்க எண்ணுவோரைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. ஆயினும், வாங்கிக் கொடுப்பதற்கு முன்னர் அக்கருவி பிள்ளைகளின் காதையும் குரலையும் என்ன செய்கின்றது என்பதை ஒருமுறை நின்று நோக்குதல் நன்று. சிறப்பாக, அக்கருவியினுள்ளே சுரத்தைத் தானாகவே அசைத்துக் காட்டும் ஓர் ஏற்பாடு உளது. அவ்வேற்பாட்டைப் பற்றியே யாம் பேச விரும்புகின்றோம்.

முதலில் யாம் கண்டதொன்றைச் சொல்லி விடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பாடசாலையொன்றில் பரிசளிப்பு விழாவுக்கு ஏழாந் தரத்துச் சிறுமியொருத்தி தாலாட்டுப் பாட ஆயத்தமானாள். அவள் தன் அம்மாயியிடம் கேட்டுப் பழகிய பாட்டு அது. முதல்நாள் அவள் துணைக்கருவி ஏதுமின்றிப் பாடியபோது வகுப்பறை முழுதும் அமைதியாயிற்று. ஓரடியின் ஈற்றிலே குரல் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்தில் அசையாது நின்றது. அடுத்த அடியிலே ஓரெழுத்தின் மீது மட்டும் சிறிது வளைந்து மேலேறியது. இவற்றை அவளுக்கு எவரும் இலக்கணமாகக் கற்பிக்கவில்லை. தொட்டில் அருகிலிருந்து கேட்டுக் கேட்டு வந்தவை அவை.

பின்னர் பாடசாலைக்குக் கீபோட் வந்தது. வயலின் ஒலி என்று குறிக்கப்பட்ட பொத்தானை அழுத்தி, அப்பாட்டின் மெட்டை அதில் வாசித்து, அதனோடு சேர்ந்து பாடும்படி சிறுமியைப் பழக்கினர். மூன்று கிழமை சென்றது. விழாவுக்கு முதல்நாள் ஒத்திகையிற் கேட்டபோது ஒவ்வோரடியின் ஈற்றிலும் அவள் குரல் நடுங்கிற்று. இறங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை; வளைய வேண்டிய இடத்தில் வளையவுமில்லை. “ஏன் பிள்ளை இப்படி ஆட்டுகிறாய்?” என்று கேட்டோம். “கீபோட்டு அப்படித்தானே சேர் பாடுது?” என்றாள். விழாவன்று வந்திருந்த அம்மாயி, பேத்தியை அணைத்துக்கொண்டு சிரித்தவாறே, “என்னா தாயி, குளிருல நடுங்குற மாதிரியில்ல பாடுற” என்றார். அக்கிழவியின் செவிக்குப் புலனான குற்றம், மேடையிலிருந்த எம்போன்றோர்க்குப் புலனாகவில்லை. அதனை எண்ணி யாம் நாணினோம். இக்கட்டுரை எழுதுவதற்கு அந்நாணமும் ஒரு காரணம்.

இனி, அந்நடுக்கம் எங்கிருந்து வந்ததெனப் பார்ப்போம். கீபோட்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஓர் ஒலி பிறக்கின்றது. ஒரே அளவாய் நிற்கும் ஒலி செவிக்குச் சலிப்புத் தருமாதலின், கருவி செய்வோர் அவ்வொலியின் சுருதியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் அசைக்க ஓர் ஏற்பாடு செய்தனர். ஒலியைப் பிறப்பிக்கும் அலையொன்று இருக்க, அதனோடு செவிக்குக் கேளாத அளவு மெதுவான வேறோர் அலையையும் அமைத்து, இரண்டாவது அலை முதலாவதைப் பிடித்து ஊசலாட்டும்படி இணைத்தனர். வினாடிக்கு ஐந்து, ஆறு அல்லது ஏழு முறை அந்த ஊசல் ஆடும். மேலைநாட்டார் இதனை ‘விப்ரேட்டோ’ என்பர். சில கருவிகளில், கட்டையை அழுத்தியவுடன் ஒலி நேராக நின்று, சிறிது நேரம் கழிந்த பின்னரே ஆட்டம் தொடங்கும். வயலின் வாசிப்பவர் விரலை ஊன்றிய பின் அசைப்பது போன்ற தோற்றம் அதனாற் கிடைக்கின்றது. வேறு சில கருவிகளில், ஒலி தன் இடத்திற்குச் சிறிது கீழே பிறந்து வழுக்கி மேலேறும். அல்லது ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு இடைவெளியின்றிச் சறுக்கிச் செல்லும். வாசிப்பவர் இவற்றுள் எதனையும் எண்ணிச் செய்ய வேண்டுவதில்லை. தெரிந்தெடுத்த ஒலியோடு அவை சேர்ந்தே வருகின்றன. எம் சிறுமி கற்றுக்கொண்டது அந்த ஊசலின் ஆட்டத்தையே.

இவ்வேற்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மின்சாரம் வருவதற்கு முன்னரே ஐரோப்பியத் தேவாலயங்களின் பெரிய குழல் ஓர்கன்களில், காற்று செல்லும் வழியை அதிரச் செய்து ஒலியை நடுங்க வைக்கும் பொறி இருந்தது. 1935இல் அமெரிக்காவில் லோரன்ஸ் ஹமண்ட் என்பார் தம் மின் ஓர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1940களில் அதனோடு ஒரு சுழற்பொறி சேர்க்கப்பட்டது. கம்பிச் சுருள்களின் வரிசையொன்றின் வழியே செல்லும் ஒலியை அப்பொறி முன்னும் பின்னுமாய்த் தொட்டெடுத்து, வினாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை சுருதியை அசைத்தது. பிரான்சிலே மொறிஸ் மாத்தெனோ என்பவர் 1928இல் மக்கள் முன் வைத்த கருவியோ வேறு வகையானது. அதன் கட்டைகளை விரலாற் பக்கவாட்டில் அசைத்தால், அசைத்த அளவுக்குச் சுரமும் அசையும். ஹமண்டின் ஓர்கனில் அசைப்பது பொறி. மாத்தெனோவின் கருவியில் அசைப்பது விரல். இவ்வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். யாம் சொல்ல வந்தது முழுவதும் இவ்வேறுபாட்டினுள்ளே அடங்கும்.

நம் பக்கத்து நாட்டிலும் இதன் வரலாறு சுவையானது. 1947இல் பிரான்சிற் செய்யப்பட்ட கிளாவியோலின் என்னும் சிறிய மின்கருவி இந்தியாவை அடைந்தது. 1954இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்துக்கு ஹேமந்த குமார் இசையமைத்தபோது, பாம்பாட்டியின் மகுடி ஒலியை இக்கருவியைக் கொண்டே கல்யாண்ஜி வாசித்தார். அதனைக் கேட்டோர் மெய்யான மகுடியென்றே மயங்கினர். விரல்களின் விரைவும் பொறியின் நடுக்கமும் சேர்ந்து அம்மயக்கத்தை விளைத்தன. பின்னர் 1970இல் வந்த மினிமூக் என்னும் கருவியில், இடக்கையருகே இரண்டு சில்லுகள் அமைக்கப்பட்டன. ஒன்று சுருதியை வளைப்பது. மற்றையது பொறியின் ஆட்டத்தை வேண்டுமளவு கூட்டிக் குறைப்பது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 முதலிய கருவிகளும் அவ்வழக்கையே பின்பற்றின. அவ்வாண்டிலேயே மின்னிசைக் கருவிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட ‘மிடி’ என்னும் முறையில், வளைக்கும் சில்லின் முழு வீச்சு 16,384 படிகளாகப் பகுக்கப்பட்டது. மிகச் சிறிய வளைவையும் கையாற் காட்டுதற்கு இடமுண்டென்பது இதனாற் பெறப்படும். ஆனால் மலிவு விலைக் கீபோட்டுகள் பலவற்றில் வளைக்கும் சில்லு இல்லை; பொறியின் ஆட்டம் மட்டும் ஒலியோடு ஒட்டியிருக்கின்றது. பாடசாலைகளை வந்தடைவன பெரும்பாலும் மலிவு விலைக் கருவிகளே.

இவ்விடத்தில் ஆர்மோனியத்தைப் பற்றிய பழைய வழக்கொன்றை நினைவூட்டுதல் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவி, நாடக மேடையிலும் பசனை மடத்திலும் விரைவில் இடம்பிடித்தது. கொழும்பிற் பிறந்து உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அவர்கள் அதனைக் கண்டித்தெழுதினார். 1940 மார்ச்சு மாதத்தில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 வரை அவ்விலக்கு தளரவில்லை. விலக்கியோர் கூறிய காரணங்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று, ஒரு நிலையைப் பன்னிரண்டு சமக் கூறாக வெட்டிய அதன் சுரங்கள் நம் இசையின் நுண்ணிய சுருதிகளோடு பொருந்தா என்பது. மற்றையது, அதன் சுரம் கல்லைப் போல நிற்கும், கமகம் அதில் வாராது என்பது. அன்று குற்றமாகக் கூறப்பட்டது சுரம் அசையாமை. கீபோட்டிலோ சுரம் அசைகின்றது. ஆகவே பழைய குற்றம் நீங்கிவிட்டதெனப் பலர் நினைக்கின்றனர். எம் கருத்தில் குற்றம் நீங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கின்றது. கல்லைப் போல நின்ற சுரத்தைக் கேட்ட பிள்ளை, இதிலே ஏதோ குறைகின்றது என்று உணரும். பொறி அசைத்த சுரத்தைக் கேட்ட பிள்ளையோ இதுவே கமகம் என்று நம்பிவிடும்.

கமகம் யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் பதினைந்து வகைக் கமகங்களை எண்ணிக் கூறுகின்றது. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில், சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறியிட்டு, எந்தச் சுரத்தின் மேல் எந்தக் கமகம் வருமென்று காட்டிச் சென்றார். இதனால் விளங்குவது, கமகம் சுரத்தின் மேற் பூசும் மெருகன்று என்பதாம். தோடி இராகத்துக் காந்தாரம், கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டு அகன்று அசையும். அவ்வசைவு இல்லையேல் அது தோடியாகாது. பைரவி இராகத்துக்கும் கீபோட்டில் அதே காந்தாரக் கட்டைதான். பாடுவோர் மிடற்றிலோ இவ்விரு காந்தாரங்களும் வெவ்வேறானவை. ஒன்றைக் கேட்டு மற்றையதென்று மயங்குவார் இல்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் அசைவற்று நிற்பவை. ஏனைய சுரங்கள் சென்று திரும்பி வந்து இளைப்பாறுவது அவ்விரண்டின் மேலேதான்.

பொறியின் ஆட்டம் இவற்றுள் எதனையும் அறியாது. தோடியின் காந்தாரத்துக்கும் பைரவியின் காந்தாரத்துக்கும் அது ஒரே ஆட்டத்தைத் தருகின்றது. சுரத்தின் இருபுறமும் ஒத்த அளவாக, வினாடிக்கு ஆறு முறை, சோர்வின்றி ஆட்டுகின்றது. அசையக் கூடாத ஸட்ஜத்தையும் விட்டுவைப்பதில்லை. வீட்டின் அத்திவாரமே நடுங்கினால் கூரையை எங்ஙனம் நிறுத்துவது? அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்துக் கார்ல் சீஷோர் என்னும் உளவியலறிஞர், மேனாட்டுப் பாடகர்களின் குரல்களை அளந்து, 1932இல் விப்ரேட்டோவைப் பற்றி நூல் வெளியிட்டார். வினாடிக்கு ஆறேழு முறை, ஏறத்தாழ ஓர் அரைச்சுர அளவுக்குள் அக்குரல்கள் அசைவதை அவர் கண்டார். பொறியிலே பதித்து வைக்கப்பட்டிருப்பது இவ்வசைவின் சாயலே. அது மேனாட்டு இசைக்கு உரிய அழகு. அதனை யாம் இகழ்கின்றோமல்லோம். ஆனால் அது அவர்களுடைய குரலின் பழக்கம். நம் பிள்ளையின் குரல் தன் பழக்கத்தை அறிந்துகொள்ளும் முன்னரே இப்பழக்கம் அதன்மேல் ஏற்றப்படுகின்றது.

எம் தொழில் தமிழ் கற்பித்தலாதலின், எமக்குத் தெரிந்த இலக்கணத்திலிருந்து ஓர் உவமை கூறுவோம். செய்யுளில் ஓசை குறையுமிடத்து, அதனை நிறைத்தற்கு நெட்டெழுத்து அளபெடுக்கும். தழீஇ, ஆடூஉ, மகடூஉ என வரும் சொற்களில் அளபெடை தன் இடமறிந்து வந்து பொருளுக்கும் ஓசைக்கும் துணை நிற்கின்றது. எழுத்து தன் அளவைக் கடந்து ஒலித்தல் இசைநூலார்க்கு உரியதென்று தொல்காப்பியரும் வரம்பு காட்டினார். இனி, ஒரு மாணாக்கன் நெட்டெழுத்துக் கண்ட இடமெல்லாம் அளபெடுத்து, “மாஅடு”, “வீஇடு”, “பாஅல்” என்று எழுதி வந்தானாயின், அவனை இலக்கணம் வல்லவனென்று எவரும் மெச்சுவரோ? சிவப்பு மை கொண்டு திருத்துவோம். பொறி செய்வதும் அதுவே. ஒவ்வொரு சுரத்தின் பின்னும் கேளாமலே அளபெடுத்து வைக்கின்றது. இடமறியாத அளபெடை பிழையாதல் போல, இடமறியாத அசைவும் பிழையேயாம்.

எம் கூற்றுக்கு மறுப்புகள் இரண்டு எழக்கூடும். அவற்றை மதித்து விடை கூறுதல் எம் கடன்.

முதல் மறுப்பு, யாம் புதுமைக்குப் பகைவர் என்பது. அஃதன்று. வயலின் மேனாட்டுக் கருவியே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். மெட்டு இல்லாத கம்பியில் விரல் எங்கும் வழுக்கிச் செல்லுமாதலின், கமகம் முழுதும் அதிற் பேசிற்று. மின் மாண்டலினை உ. சிறீநிவாசும், சக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் தம் உழைப்பால் நம் இசைக்கு வசப்படுத்தினர். கீபோட்டிலேயே சென்னைக் கலைஞர் கே. சத்தியநாராயணன் வலக்கையாற் கட்டைகளையும் இடக்கையாற் சில்லையும் இயக்கிக் கர்நாடக இசை வாசித்து வருகின்றார். 2009இல் வந்த ‘டெல்லி 6’ என்னும் படத்தின் பாடலொன்றில், கட்டைகளே இல்லாத கொண்டினியம் என்னும் மின்பலகையை ஏ. ஆர். ரகுமான் வாசித்தார். அதன் பரப்பில் விரலை அசைத்தால் சுரமும் அசையும். இவர்கள் எல்லாருடைய வாசிப்பிலும் அசைவு வாசிப்போர் காதிற் பிறந்து கையின் வழியே கருவிக்குள் செல்கின்றது. எம் சிறுமிக்கோ அது கருவியிற் பிறந்து காதின் வழியே குரலுக்குள் சென்றது. யாம் வருந்துவது இத்திசை மாற்றத்துக்கே. அரபு நாட்டார் தம் இசைக்கு வேண்டிய நுண்சுரங்களைத் தரும் கீபோட்டுகளைச் செய்வித்துப் பெற்றுள்ளனர். தம் இசைக்கு என்ன வேண்டுமென்று தெரிந்தவர்கள், கருவியை அதற்குப் பணிய வைக்கின்றார்கள்.

இரண்டாவது மறுப்பு வலியது. “தோட்டத்துப் பிள்ளைக்குச் சங்கீத ஆசிரியர் எங்கே? வயலின் எங்கே? கீபோட்டாவது கிடைக்கின்றதே என்று மகிழாமல், தோடியின் காந்தாரத்தைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் பாயசத்தின் குறையைப் பேசுவது போலன்றோ?” என்று ஓர் அன்பர் எம்மிடம் கேட்டார். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட எம்மால் முடியவில்லை. கூரை ஒழுகும் பாடசாலையிற் கற்பித்தவர்கள் யாம். கீபோட் வந்த நாளிற் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியையும் கண்டோம். அம்மலர்ச்சியைப் பறிக்க எமக்கு மனமில்லை. ஆயினும், தோட்டத்துப் பிள்ளை இசையில் வெறுங்கையோடு பாடசாலைக்கு வருகின்றது என்று கொள்வதை யாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நம் முன்னோர் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்தபோது அவர்கள் கொண்டு வந்த பொருள் சிறிது, பாட்டுப் பெரிது. காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் தோட்டந்தோறும் ஆடப்பட்டன. நெருப்பிற் காய்ச்சிய தப்பின் ஓசை திருநாளையும் இறப்பையும் வேறு வேறு அடியால் அறிவித்தது. தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் பணியை நம் மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும். நாம் குடியிருக்கும் வரிசை வீட்டை லயம் என்கின்றோம். இசையிலே காலக் கட்டுப்பாட்டுக்கும் லயம் என்றே பெயர். ஆங்கிலச் சொல்லின் திரிபு ஒன்று, வடசொல் மற்றையது; பிறப்பால் இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் எம் வாழ்வில் இவ்விரு லயங்களும் ஒரே முற்றத்தில் இருந்தன.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தையைச் சார்ந்த மீரியபெத்தத் தோட்டத்தின் மீது மலை சரிந்து வீழ்ந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. அங்கு வாழ்ந்தோரிற் பலர் மீளவில்லை. அத்துயரத்தை இங்கு விரித்துரைக்க யாம் விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். அந்நாட்களில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டோர், குரலின் அசைவுக்குப் பொருளுண்டு என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இறந்தவரின் முறைப்பெயரைச் சொல்லி அழைக்கும்போது குரல் மேலே சென்று நிற்கும். அவருடைய குணத்தை எண்ணும்போது படிப்படியாக இறங்கும். எண்ணி முடிந்த இடத்தில் உடைந்து அசையும். நடுக்கம் அங்கே ஓரிடத்தில்தான் வரும்; வந்த இடத்தில் அதற்குக் காரணம் இருக்கும். மண்ணுள் மறைந்தவர்களோடு எத்தனை தாலாட்டும் கதைப்பாட்டும் மறைந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை. எஞ்சியவை முதியோர் சிலரின் மிடற்றிலும், அவர்களைக் கேட்டு வளரும் பிள்ளைகளின் காதிலும் உள்ளன. அக்காதுகளின் மேலேயே பொறியின் ஒரே நடுக்கத்தைத் திணித்தோமாயின், மண்சரிவு விட்டுவைத்ததை நாமே மூடியவர்களாவோம்.

பழமையையும் புதுமையையும் சேர்த்துக் காண்பது எங்ஙனம் என்பதற்கு நமக்கு வழிகாட்டியுளர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். இந்துக் கல்லூரியை நடத்திய பெருமையும் உடையவர். மறைந்து போன யாழைப் பற்றிய குறிப்புகளைப் பழந்தமிழ் நூல்களில் தேடி, சுருதிகளின் அளவைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அளவுகோலையும் எண்ணையும் அவர் அஞ்சவில்லை. பண்ணின் பணிக்கு அவற்றை ஏவினார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும் அத்தகைய முயற்சியே. கருவி இன்னது, அதன் இயல்பு இன்னது, நம் பண்ணுக்கு அது செய்யக்கூடியது இவ்வளவு என்று அறிந்து பயன்படுத்துவதே இவர்கள் காட்டிய நெறி.

அந்நெறியைப் பின்பற்றி, யூபிலிக் குழுவினர்க்கும் பழைய மாணவர்க்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம்.

முதலாவது, கீபோட் வாங்குவதாயின் வளைக்கும் சில்லு உள்ளதையே வாங்குக. இரண்டு மலிவுக் கருவிகளின் இடத்தில் ஒரு தக்க கருவி போதும். பொறியின் ஆட்டத்தை நிறுத்தவும் குறைக்கவும் வழியுள்ளதா என்று கடையிலேயே பார்த்துக் கொள்ளுதல் வேண்டும். ஆட்டமில்லாத ஒலியைத் தெரிந்து வைத்து, பாட்டுப் பழக்கும்போது அதனையே பயன்படுத்தும்படி ஆசிரியர்க்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கருவியோடு சேர்த்தனுப்புதல் நலம்.

இரண்டாவது, முதலாண்டில் கீபோட்டைச் சுருதிப் பெட்டியாக மட்டும் பயன்படுத்துக. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் ஒலித்திருக்க, அதன்மேற் பிள்ளைகள் தம் குரலாற் பாடிப் பழகட்டும். நிற்கும் சுரத்தைக் காது அறிந்த பின்னரே அசையும் சுரத்தின் அருமை விளங்கும். மெட்டைக் கருவியில் வாசித்துக் காட்டிப் பிள்ளையை அதன் பின்னே இழுத்துச் செல்லும் வழக்கம் ஒழிதல் வேண்டும். பிள்ளை முன்னே செல்லட்டும். கருவி பின்னே வரட்டும். கீபோட்டை விரும்பிக் கற்கும் மாணாக்கர்க்கு, ஓரிராகத்தைப் பாடத் தெரிந்த பின்னர் சில்லைக் காட்டுக. பாடிய வளைவைக் கையாற் செய்து பார்க்கும் பிள்ளை, பொறிக்கு அடிமையாகாது.

மூன்றாவது, திரட்டும் பொருளில் ஒரு பகுதியை மனிதர்க்குச் செலவிடுக. வாய்ப்பாட்டோ வயலினோ அறிந்த ஆசிரியர் ஒருவர், கிழமைக்கு ஒருநாள் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று வருவதற்கு வழிச்செலவும் சிறு வேதனமும் அளித்தால், பத்துக் கருவிகள் செய்யாததை அவர் செய்வார். அவரோடு தோட்டத்து அம்மாயிமார் இருவர் மூவரையும் மாதம் ஒருமுறை வகுப்பறைக்கு அழைத்துப் பாடச் செய்க. அவர்களுக்குக் கதிரை கொடுத்து, தேநீர் கொடுத்து, ஆசிரியர்க்குரிய மதிப்பையும் கொடுக்க வேண்டும். அவர்கள் பாடுவதைப் பதிந்து வைப்பதற்கு இன்று கைத்தொலைபேசியே போதுமானது.

இவ்விண்ணப்பங்களுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சிறிது கவனம் வேண்டும். எம் சிறுமியைப் பற்றி இறுதியாக ஒன்று கூறி முடிக்கின்றோம். விழா முடிந்து சில கிழமைகளின் பின், மின்சாரம் தடைப்பட்ட ஒருநாள், வகுப்பிலே அவளை அத்தாலாட்டைப் பாடச் சொன்னோம். முதலிரண்டு அடிகளில் நடுக்கம் இருந்தது. மூன்றாம் அடியில் அவள் தானே நிறுத்தி, சற்று எண்ணிப் பார்த்து, மீண்டும் தொடங்கினாள். ஈற்றிலே குரல் இறங்கி வந்து அசையாது நின்றது. அவள் காது இன்னும் கெடவில்லை என்று யாம் அறிந்தோம். பிள்ளைகளின் காது எளிதிற் கெடுவதன்று. ஆனால் நாம் எத்தனை ஆண்டு அதனைச் சோதித்துப் பார்ப்பது?

பழைய மாணவர் அன்பர்கள் ஆராய்ந்து ஆவன செய்வார்களாக. எம் கல்லூரி நூற்றாண்டு பல கண்டு ஓங்குக. மலைநாட்டுப் பிள்ளைகள் தம் குரலிலேயே பாடி வாழ்க.